ஆள்காட்டியிடம் மைனா கேட்ட கேள்வி

யார் வந்தாலும் ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்திச் சேதி சொல்லுமே, அந்த ஆள்காட்டிக் குருவியைப் பார்த்திருக்கிறீர்களா? ஏரியை மூடி மனை போட்டதும் கொக்கும் நாரையும் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டன. சேதி கேட்க ஒருவரும் இல்லாமல் ஆள்காட்டி தனியாக நின்றது.

பாம்பு வந்தால் கத்திச் சொல்லும் மைனாவுக்கும் வேலை போயிருந்தது. அதன் புளியமரத்தை வெட்டிவிட்டார்கள். அது வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

"தென்னந்தோப்புல சேதி சொல்ல ஆள் எடுக்கிறாங்களாம்டி. நாளைக்கு மயில் கேள்வி கேட்கும். இப்ப நான்தான் மயில். உன்னைப் பத்திச் சொல்லு."

"போன மழையில நாரைக்குக் கால் ஒடிஞ்சுது..."

"அடியே, உன்னைப் பத்தி!"

"தவளை வீட்டுல கடைக்குட்டிக்கு இன்னும் வால் விழல..."

"தவளையையா வேலைக்கு வைக்கப் போறாங்க?"

"என்னைப் பத்தி யாரும் கேட்டதே இல்லையேடி" என்றது ஆள்காட்டி. பிறகு மெல்லச் சொன்னது: "ஏரி போனதுலேருந்து யார்கிட்டயும் பேசல. என் குரலே எனக்கு மறந்துடும் போலிருக்கு."

மைனா இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தது. "இதை மயில்கிட்டச் சொல்லிடாதே" என்றது.

"சொல்ல மாட்டேன்டி. வேலை கிடைச்சாலும் கிடைக்காட்டியும், நாளைக்கு வந்து என்னைப் பத்தி இன்னொரு தரம் கேளேன்."