சைஸ் இல்லை

"அவங்க கும்பிடறது வேற, நாம கும்பிடறது வேற. இது சரிப்பட்டு வராது. நீ கிளம்பு" என்றான் அண்ணன், தலையைத் தூக்காமலே.

தங்கை கிளம்பவில்லை. படங்களுக்குச் சட்டம் போடும் அந்தக் கடையில் இருந்த ஒரே ஸ்டூலின் மேல் கண்ணாடிகளை அடுக்கி வைத்திருந்தான். அவள் மேஜை ஓரத்து மரத்தூளைக் கையால் தள்ளிவிட்டு அங்கேயே ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல ரிஜிஸ்தர் ஆபீஸ்ல இருக்கணும்ணா. பொண்ணும் மாப்பிள்ளையும் எதிர்ல டாக்ஸியில காத்துக்கிட்டிருக்காங்க. நீ வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டாத்தான் மாப்பிள்ளை போடுவாராம். இல்லேன்னா இந்தக் கல்யாணமே வேண்டாம், இப்படியே திரும்பிடலாம்னு சொல்றார்."

"திரும்பட்டும். யாரு வேண்டாம்னா?"

அண்ணன் கெட்டவன் இல்லை. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து கண்விழிப்பவன் அவன்தான். மதம் என்று வந்துவிட்டால் மட்டும் ஆள் அப்படியே மாறிப்போவான். கடை திறந்த நாளிலிருந்து அந்த மதத்துப் படம் ஒன்றுக்குக்கூட அவன் சட்டம் போட்டதில்லை. யாராவது கொண்டுவந்தால் சண்டைக்குப் போக மாட்டான். "இந்த சைஸுக்குக் கண்ணாடி இல்லையே" என்று இனிக்க இனிக்கப் பேசி அனுப்பிவைத்துவிடுவான்.

"இத்தனை நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, ஏன்?" என்று கேட்டான்.

"பயம்."

"என்னைப் பார்த்தா?"

"உன்னைப் பார்த்துப் பயப்படாதவங்க நம்ம வீட்டுல யாரு இருக்கா? அண்ணி புதுத்துணி கட்டிக்கிட்டு, நீ எங்கே திரும்பி வந்து பார்த்துடுவியோன்னு சமையலறைக்குள்ளயே உட்கார்ந்திருக்காங்க."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. அதை மீசைக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, கண்ணாடியின் மேல் அளவுகோலை வைத்துக் கட்டரால் கோடு இழுத்தான். "இது வெறும் வயசுக் கோளாறு."

"கோளாறுன்னே வச்சுக்க. ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்காங்களே."

"அம்மா இருந்திருந்தா இந்தப் பேச்சு வந்திருக்குமா?"

"வந்திருக்காதுதான்" என்று ஒப்புக்கொண்டாள் தங்கை.

"அங்கே போனதும் நாம கும்பிடறதையே விட வச்சிடுவாங்க" என்றான் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "மெல்ல மெல்ல நம்மகிட்டயிருந்து பிரிச்சுடுவாங்க. அப்புறம் நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கே வேத்தாள் மாதிரி வந்து நின்னுட்டுப் போற நிலைமை ஆயிடும். அதை என்னால பார்க்க முடியாது."

இத்தனை நாளும் கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது கோபமே இல்லை. அவனும் பயந்துபோய்த்தான் இருக்கிறான். அண்ணன் மேல் அவளுக்குப் பாசம் பொங்கியது. அப்போதுதான் மேஜையின் மறுமுனையில் கிடந்த படத்தைப் பார்த்தாள். அவர்கள் வீட்டில் தினமும் கும்பிடும் அதே படம்.

"இது யாரோடதுண்ணா?"

"போன வாரம் ஒருத்தங்க குடுத்துட்டுப் போனாங்க. எந்தப் பக்கம் பார்த்து மாட்டணும், எவ்வளவு உயரத்துல மாட்டணும், ஈரம் ஏறாம இருக்கப் பின்னால என்ன ஒட்டணும்னு ஒண்ணு விடாம கேட்டுக்கிட்டாங்க. நம்ம ஆளுங்கன்னா அப்படி இருக்கணும். அவங்களுக்குன்னே நல்ல மரமாப் பார்த்து எடுத்து இழைச்சேன்."

"அவங்கதாண்ணா பொண்ணு."

கட்டர் பாதிக் கோட்டிலேயே நின்றது.

"இப்ப வந்ததும் நான் பொண்ணு போட்டோவை நீட்டினப்போ முகத்தைத் திருப்பிக்கிட்டே. பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். புது வீட்டுச் சுவர்ல முதல்ல மாட்டப் போறது மாப்பிள்ளை கும்பிடற படம்தானாம்."

"அதுக்கு என் கடைதான் கிடைச்சுதா? ஊர்ல வேற கடையே இல்லையா?"

"நீ அந்த வீட்டுப் படியேற மாட்டேன்னு அவங்களுக்குத் தெரியும். உன் கை பட்டது ஏதாவது ஒண்ணு வீட்டுல இருந்தா மாப்பிள்ளைக்கு ஆறுதலா இருக்கும்னு நினைச்சாங்க."

அண்ணன் துணியை எடுத்து, துடைத்த சட்டத்தையே மறுபடியும் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"அவங்க கும்பிடற படம் எங்கே?"

"பெட்டியில கிடக்கு. அதுக்கும் சட்டம் போடணும். உன்கிட்ட கொண்டு வந்தா சைஸ் இல்லைன்னுடுவியே."

"வெட்டினா எல்லா சைஸும் வரும்" என்றான் அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல். "நாளைக்கே கொண்டு வரச் சொல்லு. ரெண்டும் ஒரே மரத்துல இருக்கட்டும். நான்தான் தப்பா நினைச்சுட்டேன். தப்புன்னு தெரிஞ்ச பிறகும் அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்க நான் என்ன முட்டாளா?"

"நாங்க அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தோம்."

அவள் தலையில் வலிக்காமல் ஒரு குட்டு வைத்துவிட்டு, வேலைக்காகக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்த சட்டையைப் போட்டுக்கொண்டான். கடையைப் பூட்டக்கூடத் தோன்றாமல் தெருவைக் கடந்து போனான். தங்கைதான் ஷட்டரை இழுத்துவிட்டுப் பின்னால் ஓடினாள்.

டாக்ஸிக்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை பதற்றத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அண்ணன் கதவைத் திறந்து, குனிந்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டான்.

"அழாதீங்க அப்பா" என்றான். "உங்க கல்யாணத்துக்கு நீங்க பெத்த பிள்ளை நான் வராம வேற யாரு வருவா?"