மூன்றாவது தட்டு

அறையில் விளக்கைக் குறைத்துவிட்டார்கள். இன்று மூன்றாவது முறையாகக் கருவை வயிற்றில் வைக்கப்போகிறார்கள். மனைவி கட்டிலில் படுத்திருக்கிறாள்; தலைமாட்டில், பச்சைத் தொப்பியும் கவுனுமாகக் கணவர். பள்ளியில் இயற்பியல் வாத்தியார். அவளுடைய அக்கா கொடுத்த ராசி மோதிரத்தைக் காலையில்தான் "படிச்சவதானே நீ?" என்று அவள் விரலிலிருந்து கழற்ற வைத்தார். அந்த இடம் இன்னும் வெளுத்திருக்கிறது. சுவரில் திறந்திருக்கும் சின்ன ஜன்னலுக்கு அப்பால் ஆய்வகம். அங்கே அவர்களுடைய கரு இருக்கும் பெட்டி மெல்ல முனகுகிறது. அதன் கதவில் முப்பத்தேழு டிகிரி என்று பச்சையாக எரிகிறது. லேப் டாக்டரம்மா அதைத் திறப்பதற்கு முன் விரல்முட்டியால் மூன்று முறை தட்டுவார். போன இரண்டு தடவையும் இவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டதில்லை. இன்று டொக், டொக். அதற்குள் நர்ஸ் ஏதோ கேட்க, பதில் சொன்ன டாக்டரம்மாவின் கை நேரே கைப்பிடிக்குப் போகிறது.

"மேடம், இன்னும் ஒண்ணு தட்டணுமே." சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று வாத்தியாருக்கு உறைக்கிறது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு விரலை மடக்குகிறார்.

"வேண்டாம் மேடம்," என்கிறாள் கட்டிலில் இருப்பவள். "மூணு தட்டித்தானே ரெண்டு தடவையும் போச்சு."

டாக்டரம்மா வாத்தியாரைப் பார்க்கிறார். வாத்தியார் மனைவியின் வெளுத்த விரலைப் பார்க்கிறார். பெட்டி முனகிக்கொண்டே இருக்கிறது. மடக்கிய விரல் கதவுக்கு ஒரு விரற்கடை முன்னால் அப்படியே நிற்கிறது.