முதலாம் இடத்து வேல்ஸ்காரன்

பழனியாண்டி சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தியபோது, கைபிடியில் தொங்கிய பையிலிருந்து வெற்றிலை நுனிகள் எட்டிப் பார்த்தன.

கதிரையில் நிமிர்ந்திருந்த ராஜரத்தினம் கண்டும் காணாதவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கேட்கத்தான் வந்திருக்கிறான். தன் மகனுக்கு இவர் மகள் விமலேஸ்வரியைக் கேட்க.

அவளும் மூன்று நாளாக ஒரே பிடியில் நிற்கிறாள். கட்டினால் அவரைத்தானாம்.

ராஜரத்தினம் பதிலை ஆயத்தமாக வைத்திருந்தார். 'சரிவராது.' அதற்குமேல் ஒரு சொல் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் நாற்சார் வீட்டில் பிறந்தவர்; நீர்ப்பாசனக் கந்தோரில் தலைமை எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். பழனியாண்டியோ மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் துரை பங்களாவில் வேலை பார்த்து, கலவரத்துக்குத் தப்பி விசுவமடுவுக்கு வந்து காடு வெட்டியவன். நல்லவன்தான். நல்லவன் என்பது வேறு, சம்பந்தம் என்பது வேறு.

ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால், இருவரும் வானொலி கேட்கும் சனிக்கிழமைகள் இனி இல்லை.

பழனியாண்டி பையைப் பற்றி எதுவும் பேசாமல் வழமைபோல் சைக்கிளில் ஏறி மிதிக்கத் தொடங்கினான். யுத்தத் தடையால் பற்றறி வன்னிக்குள் வராத காலம் அது. பின்சில்லில் உரசிய டைனமோ வண்டுபோல் இரைந்தது. வயர் வழியே வானொலிக்கு உயிர் வந்தது.

லண்டனிலிருந்து ஆங்கிலக் குரல், தண்ணீருக்குள்ளிருந்து எழுவதுபோல் எழுந்தது. கேட்டுத் தமிழில் சொல்வது ராஜரத்தினத்தின் பொறுப்பு. ஆறு வருடங்களாக அப்படித்தான்.

சுவரில் இருவருமாய் வரிசைப்படுத்திக் கரித்துண்டால் எழுதிய பத்துப் பெயர்கள். நூற்றறுபது இறாத்தலுக்குள் நிற்கும் மிடில்வெயிட் குத்துச்சண்டைக்காரர்கள். அவர்களில் ஒருவனையும் இருவரும் கண்டதில்லை.

"கானாக்காரனை ரெண்டுக்கு ஏத்துவமாங்க ஐயா?"

"அவன் கையைக் கீழ விடுறான் எண்டு போன கிழமையும் சொன்னனான். உன்ர மண்டையில ஏறாது."

"நேர்ல பாத்துட்டு வந்த மாதிரி சொல்றீங்க."

"எனக்குக் கேட்டது காணும். நீ மிதி."

கானாக்காரன் மூன்றிலேயே கிடந்தான்.

மற்றப் பெயர்கள் மாதந்தோறும் அழிந்து மாறும். முதலாவது மாறாது. வேல்ஸ்காரன். முதுகு வளையாமல் நின்று குத்துபவன் என்று ஒருநாள் அந்தக் குரல் சொன்னதிலிருந்து ராஜரத்தினத்துக்கு அவன் வேற்று ஆளாகத் தெரியவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் அவன் நாலாம் சுற்றில் விழுந்தான். எழவில்லை. ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடக்கிறான் என்று அடுத்த சனிக்கிழமை குரல் சொன்னது.

ராஜரத்தினத்தின் நாக்கு அதைத் தமிழில் சொல்ல மறுத்தது.

"வெண்டிட்டான். புள்ளியில."

அன்றிலிருந்து வேல்ஸ்காரன் தோற்கவேயில்லை. பனி விழும் துறைமுகப் பட்டினங்களில், மழையில் கரையும் விளக்குகளின் கீழே, ராஜரத்தினம் அவனை மேடையேற்றினார். ஒருமுறை ரயிலில் ஏற்றினார். ஒருமுறை தாயின் சமாதியில் பூ வைக்கச் செய்தார். எங்கோ ஒரு வெள்ளைக் கட்டிலில் கண் மூடிக் கிடந்தவன் காணும் கனவெல்லாம் இந்தக் கொட்டிலில்தான் நடப்பதுபோல இருந்தது.

பழனியாண்டி மிதித்தபடியே, கண்களைப் பாதி மூடி, "அப்புறம் ஐயா?" என்பான்.

இன்றைக்கு வயல்களின் மேல் வெளிச்சம் மஞ்சளாய்த் தேங்கி நின்றது. கால்வாய்த் தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. தெரியாத நகரங்களின் பெயர்களை அந்தக் குரல் ஒவ்வொன்றாய் வயல்மேல் பறக்கவிட்டது.

பிறகு, அதே நிதானத்தில், வேல்ஸ்காரனின் பெயரைச் சொன்னது. அந்த நாலாம் சுற்றிலிருந்து கண் திறக்காதவன் நேற்று இறந்துபோனானாம்.

ராஜரத்தினம் சுவரிலிருந்த முதலாம் பெயரைப் பார்த்தார்.

டைனமோவின் இரைச்சல் இறங்கி, நின்றது. வானொலி அணைந்தது.

அவர் தலையைத் திருப்பினார். மிதியில் பழனியாண்டியின் கால்கள் மரத்துப்போய் நின்றன.

ஒரு சொல்லும் தமிழில் வந்திருக்கவில்லை.

"சங்கிலி கழண்டிருச்சுங்க ஐயா." பழனியாண்டி அவசரமாகக் குனிந்து பின்சில்லைத் தடவினான். முகத்தை நிமிர்த்தவில்லை.

சங்கிலி பல்லில் இறுக்கமாகத்தான் இருந்தது.

துரை பங்களாவில் பதினைந்து வருடம். வெள்ளைக்காரத் துரை; ஆங்கிலந்தான் பேச்சு. ராஜரத்தினத்துக்கு இப்போதுதான் அது உறைத்தது.

நூறு சனிக்கிழமைகளுக்கு மேல். ஒவ்வொன்றிலும், "அப்புறம் ஐயா?"

ஆயத்தமாக வைத்திருந்த சொல்லைத் தேடினார். அது வாயில் இல்லை.

கதிரையின் கையைப் பிடித்து எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இறங்குங்கோ. இப்பிடி வந்து கதிரையில இருங்கோ."

"ஐயா, நான் எப்பிடிங்க..."

"இருங்கோ எண்டுறன்."

இறங்கிய பழனியாண்டி பையைக் கையில் எடுத்துக்கொண்டு, கதிரையின் நுனியில் மெல்ல அமர்ந்தார்.

ராஜரத்தினம் சைக்கிளில் ஏறினார். அங்கேயும் முதுகு வளையவில்லை. குசினிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பிள்ளை, மாமாவுக்குத் தேத்தண்ணி கொண்டா."

குசினிக்குள் ஏதோ ஏனம் விழுந்து உருண்டு, சுவரில் மோதி ஓய்ந்தது.

அவர் மிதித்தார். குரல் திரும்பி வந்தது. இப்போது அது எந்தக் கடலிலோ வீசும் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

"இனி நீங்கள் சொல்லுங்கோ. என்னவாம் வேல்ஸ்காரன்?"

மடியிலிருந்த வெற்றிலையைப் பிடித்தபடி பழனியாண்டி நெடுநேரம் காதுகொடுத்துக் கேட்டார்.

"அடுத்த சண்டைக்குக் கப்பல் ஏறிட்டாராம், ஐயா."