வெள்ளைப் பட்டை டயர்

நாலு டயர்களும் சுவரோரமாக நின்றன. பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை போட்டவை. பரணிலிருந்து இறக்கித் துடைத்ததில் பட்டை பளிச்சென்று இருந்தது.

அவற்றை ஒட்டிப் புது ரேடியல் டயர்கள் நாலு. முழுக்கக் கறுப்பு.

வெள்ளைத்துரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைவாசலில் அவர் ஓட்டிவந்த பழைய பத்மினி கார் நின்றது. மகன் மகேஷின் வண்டி.

தி.நகரில் புடவைக் கடை வைத்திருப்பவர் அவர். அலமாரி முழுக்க இறக்கிப் பரப்பிய பிறகும் "வேற காட்டுங்க" என்று சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்து எத்தனையோ தடவை பல்லைக் கடித்திருக்கிறார். இன்றைக்கு இந்த ராயப்பேட்டை டயர் கடையில் அவரே அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். டீ இரண்டாம் முறையும் வந்துவிட்டது.

கடைக்காரர் ஹபீபுர் ரஹ்மான் பல்லைக் கடிக்கவில்லை. பொறுமைசாலி.

அந்த வெள்ளைப் பட்டை டயர்கள் மகேஷ் சொல்லிவைத்தவை. வெள்ளைப் பட்டை இல்லாத பத்மினி வெறும் தகர டப்பா என்பான். எங்கேயோ ஒரு கிடங்கில் கிடந்ததை ரஹ்மான் தேடிப் பிடித்து வரவழைத்து, போன் செய்தாராம். எடுக்கவில்லையாம். மறுபடி மறுபடி செய்து பார்த்துவிட்டு, சின்ன வயசுக்காரருக்கு ஆசை மாறிவிட்டது போலிருக்கிறது என்று பரணில் ஏற்றிவிட்டாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வெள்ளைத்துரையும் சிரித்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை மயிலாப்பூர் மண்டபத்தில் கீர்த்திக்குக் கல்யாணம். சாப்பாடு முடிந்த கையோடு பெண்ணும் மாப்பிள்ளையும் இதே வண்டியில் கோயம்புத்தூருக்குப் புறப்படுகிறார்கள். வண்டியும் இனி அங்கேதான்.

கொட்டிவாக்கத்துக் கடலோரத் தெருவில் வைத்து மகேஷ் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த வண்டி அது. கியர் மாற்றுகிற இடத்திலெல்லாம் இரண்டு பேருக்கும் சண்டை. அது அவளிடம்தான் போகவேண்டும் என்று வெள்ளைத்துரை முடிவாகச் சொல்லிவிட்டார். கீர்த்தி வேண்டவே வேண்டாம் என்றாள். அழுதாள். அப்புறம் சரி என்றாள்.

வீட்டில் மனைவி தங்கபுஷ்பம்தான் சரி என்று சொல்லவில்லை. மகனுடைய வண்டியைத் தூக்கி அவளிடம் கொடுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டாள். அதோடு சரி. அதன் பிறகு சோறு வரும், குழம்பு வரும், பேச்சு வராது. இன்று காலை அவர் சாவியை எடுக்கும்போது மட்டும், அவன் ஆசைப்பட்ட வெள்ளை டயரையாவது போடுங்கள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பெற்றவள் கேட்கிறாள். போட்டுவிட்டால் வீட்டில் பேச்சாவது திரும்பும் என்றுதான் அவர் வந்திருந்தார்.

வந்த இடத்தில் ரஹ்மான் குண்டைத் தூக்கிப் போட்டார். டயரின் பக்கத்தில் அச்சடித்திருந்த நாலு எண்களைக் காட்டினார். எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்பது அதில் இருக்கிறது. கிடங்கில் கிடந்த காலமும் பரணில் கிடந்த காலமும் சேர்ந்து ரப்பர் இறுகிவிட்டது. பட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். மயிரிழை மயிரிழையாக வெடிப்பு தெரிந்தது.

மண்டபத்து வாசலில் நிறுத்திப் படம் பிடிக்க ஜோராக இருக்கும் என்றார். நெடுஞ்சாலை வெயிலில் சூடேறினால் பிளந்துகொள்ளும், பெண்ணை ஏற்றி அனுப்புகிற வண்டிக்குத் தன் கையால் இதைப் போட மாட்டேன் என்றார்.

வியாபாரிப் பேச்சாக இருந்தால் வெள்ளைத்துரைக்குத் தெரியாமல் போகாது. கொல்லன் தெருவில் யாரும் ஊசி விற்க முடியாது. ஆனால் விலைபோகாமல் கிடக்கிற சரக்கைக் கேட்டு வந்தவரிடமே வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை அவர் இதற்குமுன் பார்த்ததில்லை.

எழுந்து போய் வெள்ளைப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். விரலை எடுக்க மனசு வரவில்லை. அவருக்கும் இதுதான் பிடித்திருந்தது. பிள்ளை ஆசையாகக் கேட்டுச் சொல்லிவைத்ததை அப்பனே வேண்டாமென்று ஒதுக்குவதா என்று இருந்தது.

கீர்த்தி எப்போதும் வேகமாகத்தான் ஓட்டுவாள். சொன்னால் கேட்க மாட்டாள். இன்னும் எத்தனையோ வருஷம் ஓட்ட வேண்டியவள்.

கறுப்பையே போடுங்கள் என்றார்.

ரஹ்மானுக்கு முகம் தெளிந்தது. உடனே ஜாக்கியைக் கொண்டுவரச் சொன்னார். ஸ்பேனரைத் தேடிக்கொண்டே, மனசில் இருந்ததையும் கேட்டுவிட்டார்.

"தங்கச்சி கல்யாணம் கீது, அண்ணங்காரரு ஒரு தபா வந்து பாக்கக் கூடாதா சார்? வெள்ளைய வுட்டுட்டு கறுப்பு மாட்டுனேன்னு தெரிஞ்சா என்னத்தான் கேப்பாரு."

வெள்ளைத்துரை வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். கல்யாணம் என்று சொன்னவர், யாருக்கு என்று சரியாகச் சொல்லவில்லை. அது தன் தப்புதான் என்று தோன்றியது.

"மகேஷ் போயி மூணு வருசமாச்சு பாய். வெள்ளிக்கிழமை கல்யாணம் அவன் பொண்டாட்டிக்குத்தான். பொண்ணு வீட்டுக்காரன் நான்."