வால் கடிபட்ட கிழங்கான்

கதைக்குள் போகுமுன் மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை ஐந்து குப்பங்களில் மாதம் ஒருமுறை கடலுயிர்க் கணக்கெடுப்பு நடக்கிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி வலை. ஒரே நேரம், காலை ஆறு முதல் ஏழு வரை. விழுந்ததை அளவுப் பலகையில் பரப்பிப் படமெடுத்து அனுப்ப வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இது முதற்செய்தி.

ஐந்து கணக்கும் ஒரே பொது அட்டவணையில் ஏறும். பழவேற்காட்டிலும் தூத்துக்குடியிலும் இருப்பவர்கள் அதை நம்பித்தான் தம் கடலை ஒப்பிடுகிறார்கள். ஓரிடத்தில் பொய் கலந்தாலும் ஐந்தும் தள்ளப்படும். அடுத்த ஆண்டு கணக்கெடுப்பே நடக்காது. இது இரண்டாவது.

மூன்றாவது, கதை நடக்கும் நாளன்று மாலை ஐந்து மணிக்குள் அந்த ஆறு மாத அட்டவணையில் கையொப்பமிட வேண்டிய மேற்பார்வையாளர் பெனிஷா. டோல்கேட் மளிகைக் கடைக்காரர் மகள். எடைக்கல்லின் தூசியைத் துடைத்துவிட்டு நிறுக்கும் குடும்பம்.

காலை எட்டரை மணிக்கு அவள் எண்ணூர்க் கரையில் ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்தாள். அங்கே அந்தக் குப்பத்தின் கணக்காளர் புஷ்பவல்லி வலையை உதறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், திருவொற்றியூர்க் குப்பத்தின் கணக்காளர் மாரியப்பன் இட்லி தின்றுகொண்டிருந்தான்.

பெனிஷா இருவர் முன்பும் கைப்பேசியை நீட்டினாள்.

"இந்தக் கிழங்கான் மீன் வாலில பிறை மாதிரி ஒரு கடி. ஏழு அஞ்சுக்கு மாரியப்பன் அண்ணன் பலகையில கெடக்கு. ஏழு நாப்பதுக்கு உங்க பலகையில கெடக்கு. எப்படிக்கா?"

"மீனுன்னா நீந்தும் மேடம்," என்றான் மாரியப்பன்.

"மொதப் படத்துலயே செத்துக் கெடக்கே அண்ணே!"

மாரியப்பன் இட்லியில் கவனம் செலுத்தினான்.

"இவர் மீனைக் கொண்டாந்து நீங்க போட்டோ எடுத்தீங்களா அக்கா? அஞ்சு மாசமா இதேதானா?"

"ஆமா," என்றாள் புஷ்பவல்லி, கொஞ்சமும் அசராமல். "அதுக்கு இன்னாங்குற இப்போ?"

"பொய்க்கணக்கு அக்கா! ஏமாத்துறது!"

"தோ பாரு பாப்பா, வார்த்தைய அளந்து பேசு. கரையில ஒருத்தன் வலை காலின்னா, பக்கத்து ஆளு ரெண்டு மீனு அள்ளிப் போடுவான். வேணாம்னு சொல்ற வழக்கம் எங்க ஆளுங்ககிட்ட கெடையாது. கூடையில வுழுந்தா அது என் பாடுதான், நான் புடிச்ச மீனுதான்."

"அப்ப, உண்மையில உங்க வலையில என்னதான் விழுந்தது?"

"ஒண்ணியும் இல்ல. ஆறு மாசமா ஒண்ணியும் இல்ல."

பெனிஷா மணலில் உட்கார்ந்துவிட்டாள். முகத்துவாரத்தில் மீன் அற்றுப்போகிறதா என்பதைக் கண்டறியத்தான் இத்தனை வலையும் இத்தனை பலகையும். அந்த ஒரு விடையை இவர்கள் ஷேர் ஆட்டோவில் மீன் கொண்டுவந்து மறைத்திருக்கிறார்கள்.

"உங்க கௌரவத்துக்காக எல்லார் உழைப்பும் பாழ். இனி அஞ்சு குப்பமும் அவுட்டு."

"என் கௌரவமா?" புஷ்பவல்லி சிரித்தேவிட்டாள். "யோவ் மாரியப்பா, கேட்டுக்கினியா?"

"மேடம், கோச்சுக்காதீங்க," என்றான் மாரியப்பன். "நாங்க மீனு குடுத்தது அக்காவுக்கு இல்ல. உங்களுக்கு."

"எனக்கா?"

"மொத மாசம் நெனப்புல கீதா ஒனக்கு?" என்றாள் புஷ்பவல்லி. "வெறும் வலைய ஒதறிக் காட்டினேன். 'ஒண்ணுமே இல்லியாக்கா, ரெண்டு பஸ் மாறி வந்தேனே'ன்னு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு இதே எடத்துல குந்திட்ட. அப்பால 'வலை சரியா எறங்கல'ன்னு நீயே எழுதிக்கின. நாப்பது வருசமா வலை போடுறவ எனக்கு எறக்கத் தெரியாதா? ஆனா கரைக்கு வந்த பொண்ணு வெறுங்கையோட போவக் கூடாதே! அடுத்த மாசம் இவன் மீனு கொண்டாந்தான், நான் அனுப்பினேன். நீ 'சூப்பர் அக்கா'ன்னு பூவு பொம்மை போட்ட. சரி, புள்ள சந்தோசமா கீதுன்னு வுட்டுட்டோம்."

பெனிஷா தன் கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தாள். முந்தின நாலு மாதத்துப் பூப்பொம்மைகளும் அதில் வரிசையாக இருந்தன.

"நெசப் படமும் கீது," என்று புஷ்பவல்லி தன் கைப்பேசியைத் திறந்தாள். "ரூலு ரூலுதானே? மாசாமாசம் வெறும் பலகைய எடுத்துட்டுத்தான் மீனையே வச்சேன். அனுப்பல. நீ அழுதுடுவியேன்னுதான்."

ஆறு மாதம், ஆறு படங்கள். நாளும் மணியும் பிசகாமல், ஆறிலும் வெறும் பலகை.

அதன்பின் முடிவானவை இவை:

மாலை ஐந்து மணிக்கு முன்பே எண்ணூர் முகத்துவாரத்துக் கணக்கில் ஆறு கட்டங்களிலும் சுழியம் ஏறியது. படங்கள் சான்றாக இணைக்கப்பட்டன. ஐந்து குப்பங்களும் அட்டவணையில் நிலைத்தன.

வெறும் பலகையையும் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்று விதியில் ஒரு வரி கூடியது.

வால் கடிபட்ட கிழங்கான் திருவொற்றியூர்க் கணக்கில் மட்டும் இருக்கிறது. மீன் என்னவோ அன்று மதியம் டோல்கேட் வீட்டில் குழம்பானது. வேண்டாமென்று சொல்ல பெனிஷாவை அவர்கள் விடவில்லை.

முதல் மாதக் கட்டத்தில் 'வலை சரியாக இறங்கவில்லை' என்று இருந்ததை அவளே அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினாள்: 'வலை சரியாகவே இறங்கியது, மேற்பார்வையாளர்தான் நம்பவில்லை.'