ஆறரை மணிச் செய்தி

அவள் கை நின்றால் செய்தி நின்றுவிடும்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்துப் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். பின்சில்லு ஓடியது. சில்லில் டைனமோ உரசியது. அதிலிருந்து போன வயரில் ரேடியோ பேசியது. யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி வரத் தடை போட்டு இரண்டு வருஷம்.

ரேடியோவின் குரல் கொஞ்சம் தளர்ந்தது.

"என்னடி, மத்தியானம் திண்ட புட்டு அதுக்குள்ள கரைஞ்சிட்டுதோ?" அடுப்படியிலிருந்து அம்மா.

சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினாள்.

ஆறரை மணி. களத்தில் விழுந்தவர்களின் பெயர்கள். முதலில் இயக்கப் பெயர். பிறகு வீட்டுப் பெயர். கடைசியில் ஊர்.

அம்மா வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த நேரத்தில் அம்மா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

தம்பி இயக்கத்துக்குப் போய் எட்டு மாதம். அம்மாவுக்கு அவன் தவசீலன்தான். இயக்கத்தில் அவனுக்கு என்ன பெயர் என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். ஒரேயொரு கடிதத்தில் எழுதியிருந்தான்.

'சிரிக்காதை அக்கா. எனக்கு இனியவன் எண்டு பேர் வைச்சிருக்கினம்.'

சிரித்தாள்தான். அவளோடு மல்லுக்கட்டாமல் ஒருநாளும் சோறு இறங்காது அவனுக்கு. அவன் இனியவனாம்!

நாலாவது பெயர். ஐந்தாவது.

"...இனியவன் என்று அழைக்கப்படும்..."

பெடலை விட்டாள்.

சில்லு தன்பாட்டில் ஓடியது. பாய்ந்து டயரை இறுக்கிப் பிடித்தாள். உள்ளங்கை எரிந்தது.

ரேடியோ அடங்கியது.

இயக்கத்தில் எத்தனை இனியவன்கள் இருப்பார்கள்? பத்துப் பேராவது இருக்கமாட்டார்களா?

"ஏனடி நிப்பாட்டினனி?"

"செயின் கழண்டிட்டுது அம்மா."

பழைய செயின். தொய்ந்து தொங்கும். அடிக்கடி கழலும்.

அம்மா பக்கத்தில் வந்து குந்தினாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். டயரை இன்னும் விடாத கையைப் பார்த்தாள். பிறகு செயினில் விரல் வைத்து, பல் பல்லாகத் தடவிப்போனாள்.

செயின் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது.

விரல் அங்கேயே நின்றது.

அடுப்படியில் ஏதோ தீய்கிற மணம் வந்தது. இருவரும் அசையவில்லை.

பிறகு, தூங்குகிற பிள்ளையின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றுவதுபோல, அம்மா அந்தச் செயினைப் பல்லிலிருந்து மெல்ல நெம்பி, கீழே தொங்கவிட்டாள்.

"ஓம் பிள்ளை. கழண்டுதான் கிடக்குது."