‘சரி’ பொத்தான்

அவள் எழுதும் புரோகிராமில், திரையில் திறக்கும் சின்னப் பெட்டியில் பெயரைத் தட்டி ‘சரி’யை அழுத்தினால், அது அதே திரையில் பின்னாலிருக்கும் பெரிய ஜன்னலுக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் வேலை. காலையிலிருந்து அதிலேயே அவளுக்கு உயிர் போனது. எதைத் தட்டினாலும் ஜன்னலில் “சாப்டியாம்மா?” என்றே வந்து நின்றது.

போன மாதம் இறந்துபோன பக்கத்து சீட் அண்ணன், எந்தப் பெட்டியைச் சோதித்தாலும் அதைத்தான் தட்டுவார். அவர் இருந்தவரை அவளை மத்தியானம் பட்டினி கிடக்க விட்டதில்லை.

“அவர் விட்டுட்டுப் போன பழைய டெஸ்டா இருக்கும். தேடி அழிச்சிடு,” என்றார் மேனேஜர், தலையைத் தூக்காமல்.

தேடினாள். புரோகிராமில் எங்கேயும் அந்தச் சொல் இல்லை. பெட்டியிலிருந்து ஜன்னலுக்கு எழுத்தைக் கொண்டுபோகும் வரியையே எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

“சாப்டியாம்மா?”

பயப்படக்கூடத் தெம்பில்லை. “இன்னும் இல்லண்ணா, இதோ சாப்பிடுறேன்” என்று பெட்டியில் தட்டி ‘சரி’யை அழுத்தினாள். பெட்டி மூடவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தியும் அசைந்துகொடுக்கவில்லை.

கீபோர்டைத் தள்ளிவிட்டு, பையிலிருந்த டிபன் பாக்ஸைத் திறந்தாள். எல்லாம் ஆறிப்போயிருந்தது. ஒரு வாய் எடுத்து, மென்று விழுங்கினாள்.

திரையில் ‘சரி’ பொத்தான் தானாக ஒருமுறை அமுங்கி எழுந்தது. பெட்டி மூடிக்கொண்டது.